விளக்குக்குப் பூசிய மஞ்சள்

ஈக்காட்டில் அந்தத் தெருவுக்கே கார் என்றால் அது அரசப்பன் ஓட்டும் அம்பாசடர்தான். கார் அவனுடையது இல்லை. திருவள்ளூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஸம்பத்குமார் ஐயங்காருடையது. கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்று புதிதாக வந்திருந்தது. அதற்கு மாத வாடகைக்கு அவர் அந்தக் காரை விட்டிருந்தார். தெரு குறுகல், புறப்பாடு வந்தால் காரை எங்கே தள்ளுவது என்ற தொல்லையில், ராத்திரி அது அரசப்பன் வீட்டு வேலியோரமே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஓட்டுவது அரசப்பன் என்றால் கழுவுவது அவன் பெண்டாட்டி சின்னப்பொண்ணு. அதற்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. தெருக்காரிகள் மட்டும் அவளுக்கு ஏதோ கொடுக்கிறார்கள் என்று நினைத்து வயிறெரிந்தார்கள்.

அரசப்பன் கோழி கூவும் முன்னே எழுந்து, பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுக் கிளம்புவான். வெங்கல் தாண்டி, பெரியபாளையம் தாண்டி, காலி வண்டியாகக் கும்மிடிப்பூண்டி போய், ராத்திரி ஷிப்டு முடித்த ஆபீசர்களை ஏற்றிவந்து திருவள்ளூரில் இறக்குவான். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு அவன் தூங்கும் நேரத்தில் சின்னப்பொண்ணு கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தி வந்து வண்டியைத் தேய்ப்பாள். நடவும் அறுப்பும் உள்ள மாதங்களில் கழனிக்குப் போய்வந்த இடுப்பு வலியோடு தேய்ப்பாள். கம்பெனித் தூள் கருப்பாக இறங்கும். அவளுக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. புருஷன் எங்கெங்கே போய்வந்தான் என்பதை வண்டியின் அழுக்கே அவளுக்குச் சொல்லிவிடும்.

எழுபத்து மூன்றாம் வருஷத்து மார்கழியில் அந்த அழுக்கு வேறு ஒன்றைச் சொல்லிற்று. முன்பக்க பம்பருக்குக் கீழே இரண்டு வட்ட விளக்குகள் உண்டு. ஃபாக் லைட்டு என்பார்கள், பனிக்காலத்தில் போடுவது. அன்றைக்கு அந்த இரண்டு கண்ணாடியும் மஞ்சளாக இருந்தன. தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டிற்று. பெரியபாளையத்து அம்மன் கோயில் மஞ்சளாக இருக்கும் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையைத் தூக்கியவள், மூக்குக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்திக்கொண்டாள். விளக்கெண்ணெய் நாற்றம் முதலில் வந்தது. அதற்குள்ளிருந்து பூலாங்கிழங்கு வாசனை வந்தது.

ஆண்பிள்ளைகளுக்கு இது புரியாது. கோயில் மஞ்சளில் பூலாங்கிழங்கு சேர்க்கமாட்டார்கள். அம்மனுக்கு வெறும் மஞ்சள் போதும். பூலாங்கிழங்கு போட்டு அரைப்பது ஒரு பொம்பளை தன் முகத்துக்கு. அந்த முகத்தைக் கிட்டத்தில் வந்து பார்க்க ஓர் ஆள் இருக்கிறவள்தான் அவ்வளவு மெனக்கெடுவாள். கண்ணாடியில் நாலு விரல் பதிந்து, கன்னத்தில் இழுத்துப் பூசுவது போலவே இழுபட்டிருந்தது. சின்னப்பொண்ணு அந்தத் தடத்தின் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். தன்னுடையதைவிட மெல்லிய விரல்கள்.

அரசப்பன் எழுந்து உட்கார்ந்து முகம் கழுவும் வரை பொறுத்திருந்தாள். பிறகு, லைட்டில் என்ன என்று கேட்டாள். அவன் சாவதானமாகச் சொன்னான். வெள்ளை வெளிச்சம் பனியில் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும், மஞ்சள் வெளிச்சம் என்றால் பனிக்கு அடியில் ரோடு கொஞ்சம் தெரியும், அதனால் பூசியது.

"யாரு பூசினது?"

"டீக்கடையில. கங்கம்மான்னு பெரியபாளையத்தாண்ட கட வெச்சிக்கினு கீது. டீ குடிக்க நிக்கிற வண்டிக்கெல்லாம் அதுவே பூசி உடும்."

"எல்லா வண்டிக்குமா?"

"எல்லா வண்டிக்கும்தாம்மே."

அவன் கொஞ்சம் திக்கித் திணறியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கங்கம்மா என்று பெயரை அவ்வளவு சுலபமாகச் சொன்னான். தன் பெயரைக் கடைசியாக அவன் எப்போது சொன்னான் என்று யோசித்துப் பார்த்தாள். மே, ஏமே, இந்தாமே என்பதைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு சண்டை தொடங்கிற்று. வாய் திறக்காத சண்டை. விடியற்காலையில் அங்கே ஒருத்தி பூசினாள், மத்தியானத்தில் இங்கே ஒருத்தி சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தாள். மறுநாள் மறுபடி மஞ்சளோடு வந்து நின்றது வண்டி. தேய்க்கத் தேய்க்கச் சின்னப்பொண்ணுக்கு அந்தக் கங்கம்மாவின் முகம் தெளிவாகிக்கொண்டே வந்தது. சிவந்த மேனி, அகல முகம், நெற்றியில் காலணா அளவு பொட்டு, மூக்கின் இரண்டு பக்கமும் பேசரி. பார்க்காத முகத்தை இவ்வளவு சுத்தமாகப் பார்க்கப் பொறாமைக்குத்தான் முடியும்.

அரசப்பன் வாயில் நைனா என்று ஒரு பேச்சு புதிதாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஆந்திரா எல்லைப் பக்கத்தில் அது ஊரில் இல்லாத பேச்சு இல்லை. ஆனால் அவன் வாயில் அதுவரை வந்ததில்லை. கன்றுக்குட்டியைக் கூட, வா நைனா என்று கூப்பிட்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருவள்ளூர் சந்தைக்குப் போய் விரலி மஞ்சளும் பூலாங்கிழங்கும் வாங்கி வந்து அவளே அம்மியில் அரைத்தாள். கழனிக்காட்டு வேலையில் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பூசுவதே பெரிது என்று விட்டிருந்தவள், அன்று புதன்கிழமை, முகம் கழுத்து கை எல்லாம் பூசி, தலை வாரி, கருவாட்டுக் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். அரசப்பன் இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டு, அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னாமே, கண்ணு மூஞ்சியெல்லாம் மஞ்சளா கீது. காமாலயா?"

அவன் கேலியாகச் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. கீழாநெல்லி பறித்துவரட்டுமா என்று வேறு கேட்டான். பக்கத்து வீட்டுச் சாராளிடம் இதைச் சொல்லிச் சின்னப்பொண்ணு அழுதாள். சாராள் ஆறுதல் சொல்லத் தெரிந்தவள் இல்லை. மஞ்சள் காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள், உனக்குத்தான் அந்த நோய், டீக்கடையில் டீ குடிக்காமல் வேறு எங்கே குடிப்பான் என்று கேட்டுவிட்டு முறத்தில் அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள்.

இதற்கு நடுவில் ஒரு ஃபாக் லைட்டு அவிந்தது. ஐயங்கார் தாராளக்காரர் இல்லை, ஆனால் பயந்தவர். ஆபீசர்கள் ஏறுகிற வண்டி, இரண்டு பல்பையுமே புதிதாக மாற்றிவிடு என்றார். வெள்ளைதான் பார்க்க கௌரவம் என்று தன் அபிப்பிராயத்தைச் சொல்லி, பனியில் ஓட்டுகிறவன் நீ, உனக்கு எது தோதோ அதைப் போடு என்று முடித்தார். அரசப்பன் குஷியாக வீட்டுக்கு வந்தான். மஞ்சள் பல்பு வாங்கப் போவதாகச் சொன்னான்.

நியாயமாகப் பார்த்தால் சின்னப்பொண்ணு அந்த நிமிஷமே கற்பூரம் ஏற்றியிருக்க வேண்டும். பல்பே மஞ்சள் என்றால் கண்ணாடிக்கு எவளும் பூசவேண்டியதில்லை. சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரிகிற கணக்கு இது. அவளுக்குத் தெரியவில்லை. மஞ்சள் என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்கு அந்த நாலு விரல்தான் கண்ணில் நின்றது.

"வெளிய பூசினது போதாதுன்னு உள்ளியே வெச்சிக்கப் போறியா? வெள்ளதான் வாங்கணும். மஞ்ச பல்பு இந்த வேலியாண்ட வந்துச்சின்னா நான் வேப்பம்பட்டுக்கு எங்கம்மா ஊட்டுக்குப் பூடுவேன். திரும்ப வரமாட்டேன்."

அவன் புரியவைக்கப் பார்த்தான். பனி, ரோடு, வளைவு என்று என்னென்னவோ சொன்னான். அவன் சொல்லச் சொல்ல, இத்தனை சிரமப்பட்டு ஒருவன் மஞ்சளுக்காக வாதாடுகிறானே என்றுதான் அவளுக்குத் தோன்றிற்று. கடைசியில் அவளும் கூடவே கடைக்குக் கிளம்பினாள், நம்பிக்கை இல்லாமல்.

திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் இரண்டு ஜோடி பல்புகளை எடுத்து மேஜைமேல் வைத்து, பேட்டரியில் கொடுத்து எரியவிட்டுக் காட்டினார். வெள்ளை பளிச்சென்று எரிந்தது. மஞ்சள் கொஞ்சம் அடங்கி எரிந்தது. தூரம் பார்க்க வெள்ளை, பனியிலும் மழையிலும் மஞ்சள், லாரிக்காரர்கள் எல்லாம் மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். உள்ளே காய்கிற கம்பி இரண்டுக்கும் ஒன்றுதான், மேல் கண்ணாடிக்குத்தான் வித்தியாசம் என்றார். சின்னப்பொண்ணு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெள்ளை என்றாள். கடைக்காரர் அரசப்பனைப் பார்த்தார். அரசப்பன் வெளியே ரயிலைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான். சரிப்படவில்லை என்றால் இரண்டொரு நாளில் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன் என்று அவராகவே சொல்லி அனுப்பினார்.

மறுநாள் விடியற்காலை அரசப்பன் கிளம்பும்போது சின்னப்பொண்ணு குளித்து, மஞ்சள் பூசி, கெட்டிச் சேலை கட்டி வேலியோரம் நின்றாள். பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டுதல் இருக்கிறது, கோயிலில் இறக்கிவிட்டுப் போ, திரும்பி வரும்போது பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றாள். என்ன வேண்டுதல் என்று அவன் கேட்கவில்லை. முன் கதவைத் திறந்துவிட்டான்.

இத்தனை நாள் கழுவின வண்டியில் அவள் முன்சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான். ஊரைத் தாண்டியதும் அவன் ஃபாக் லைட்டைப் போட்டான். புளியமரங்களின் அடிமரத்தில் அடித்திருந்த சுண்ணாம்புப் பட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. ரோட்டோரத்துப் புல்லின் நுனி வரைக்கும் தெரிந்தது. அவளுக்கு வெற்றி பெற்ற சந்தோஷம். எவ்வளவு வெளிச்சம் பார், இதைப் போய் வேண்டாம் என்றாயே என்றாள். அவன் உம் என்றான்.

வெங்கல் தாண்டினதும் பனி வந்தது. முதலில் ரோட்டின் குறுக்கே துண்டு துண்டாகப் போயிற்று. பிறகு இரண்டு பக்கத்து நெல் கழனியிலிருந்தும் ஏறி வந்து மூடிற்று. வண்டிக்கு முன்னால் ரோடு இல்லை. புளியமரம் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று மூக்குக்கு எதிரே நின்றது, வண்டி போகப் போக அதுவும் கூடவே பின்வாங்கிற்று. அரசப்பன் லைட்டை அணைத்துப் பார்த்தான், ஒன்றுமே தெரியவில்லை. போட்டான், சுவர்தான் தெரிந்தது. கண்ணாடியை இறக்கித் தலையை முழுக்க வெளியே நீட்டி, டயருக்குப் பக்கத்து ரோட்டைப் பார்த்துப் பார்த்து உருட்டினான். அவன் தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிற்று.

சின்னப்பொண்ணு சீட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இப்படித்தானா தினமும் என்று கேட்க வாய் எடுத்தாள். அதற்குள் அந்த வெள்ளைக்குள்ளிருந்து வைக்கோல் வந்தது. ஒரு மாட்டுவண்டியின் பின்புறம். அவன் பிரேக்கின்மேல் ஏறி நின்றான். வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் நின்றபோது வைக்கோல் பானெட்டின்மேல் கிடந்தது. லாந்தர் இல்லாத வண்டிக்காரன் இறங்கிவந்து, கண்ணு அவிஞ்சா பூட்ச்சி என்று அரசப்பனைத் திட்டினான். அரசப்பன் இறங்கிப் போய் வைக்கோலைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தான்.

ஒரு வார்த்தை, உன்னால்தான் என்று அவன் சொல்லியிருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள். அவன் சொல்லவில்லை. பயந்துட்டியா என்று மட்டும் கேட்டான். தான் இவனைக் கொல்லப் பார்த்தோம் என்று சின்னப்பொண்ணுக்குத் தெளிவாகவே தெரிந்தது. ஒருத்தியின் கைபட்ட வெளிச்சத்தில் இவன் உயிரோடு வருவதைவிட, யார் கையும் படாத இருட்டில் போகட்டும் என்று நினைத்திருக்கிறோம். அதை நினைத்துக்கொண்டே, அந்தக் கடை இன்னும் எவ்வளவு தூரம் என்றும் நினைத்தாள்.

ஆரணியாற்றுப் பாலத்துக்கு முன்னால், ரோட்டோரம் ஓலைக் கொட்டகை ஒன்று. லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஒவ்வொன்றிலும் விளக்குக் கண்ணாடி மஞ்சளாக இருந்ததைச் சின்னப்பொண்ணு வண்டியில் இருந்தபடியே பார்த்தாள். எல்லா வண்டிக்கும்தான். அரசப்பன் பொய் சொல்லவில்லை.

அடுப்படியிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, இன்னிக்கும் வெள்ளையாவே வந்து நிக்கிற? எங்க போச்சி நான் பூசினதெல்லாம்? தெனம் யாரோ தேச்சிடறாங்களா?"

அரசப்பன் சிரித்தான். பல் தெரிய, தோள் குலுங்க. சற்று முன்னால் செத்துப் பிழைத்தவன் சிரிக்கிற சிரிப்பு அது என்று கதை சொல்கிற நமக்குத் தெரிகிறது. சின்னப்பொண்ணுக்கு, இவன் இப்படிச் சிரித்து வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லையே என்பது மட்டும்தான் தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"நாந்தான் தேச்சேன். எம் புருசன் வண்டிக்கு மஞ்ச பூச நீ யாரு?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அரசப்பன் சிரிப்பு நின்றது. கங்கம்மா அடுப்படியை விட்டு வெளிச்சத்துக்கு வந்தாள். சிவந்த மேனி இல்லை. அகல முகம் இல்லை. இளவயதுதான், கன்னம் ஒட்டிய கறுத்த முகம், வெறும் நெற்றி, வெறும் மூக்கு, வெறும் கழுத்து. மஞ்சள் அவளுடைய இரண்டு கையிலும் மணிக்கட்டு வரைக்கும் இருந்தது. அதற்கு மேலே ஒரு பொட்டுக்கூட இல்லை.

அவள் கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து நின்று மூச்சை இழுத்தாள்.

"பூலாங்கெழங்கு போட்டு அரச்சியாக்கா? நல்லா அரச்சிக்கீற."

கங்கம்மா பேசிக்கொண்டே போனாள். அவள் புருஷன் லாரி டிரைவர். இதே ரோட்டில், போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில், வெள்ளை லைட்டைப் போட்டுக்கொண்டு வந்து, பழுதாகி நின்ற லாரியின் பின்னால் இடித்தான். அந்த வாரம்தான் அவள் பொங்கலுக்குத் தாய்வீடு போக வேண்டும் என்று ஒரு டின் நிறையப் பூசு மஞ்சள் மில்லில் கொடுத்து அரைத்து வைத்திருந்தாள்.

"கொட்டவும் மனசு வர்ல. அக்கம்பக்கத்துல குட்த்தா வாங்க மாட்டேன்றாளுங்க, தாலி அறுத்தவ மஞ்சன்னு. டின்னு மட்டும் அப்படியே கெடந்திச்சி. எம் மொகத்துக்குத்தான் ஆவாதுக்கா. வெளக்குக்குக் கூடவா ஆவாது?"

அவளே, பூசுகிறேன் என்று நாலு வண்டி அதிகமாக நிற்கிறது, டீ வியாபாரமும் ஆகிறது, பொய் சொல்லமாட்டேன் என்று சேர்த்துக்கொண்டாள். பிறகு டால்டா டின்னை எடுத்துவந்து, விளக்கெண்ணெய் ஊற்றிக் குழைத்து, அரசப்பனின் வண்டிக்கு முன்னால் குந்தினாள். இடதுபக்கத்து விளக்கில் நாலு விரலால் இழுத்துப் பூசினாள். முகத்துக்குப் பூசுகிற கை அது. இரண்டு வருஷமாக வேறு இடம் இல்லாத கை.

சின்னப்பொண்ணுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் வந்தால் பொறாமை எழுந்து இடம் விட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இரண்டும் ஒரே பாயில் படுக்கும். அரசப்பன் எங்கே பார்க்கிறான் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் வேண்டுமென்றே ஆற்றுப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். கங்கம்மா நகர்ந்து வலதுபக்க விளக்குக்குப் போனபோது சின்னப்பொண்ணு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிரே குந்தினாள்.

"அந்த லைட்ட நீ பூசிட்ட. டிரைவர் பக்கத்து லைட்டுக்கு நான் பூசறேன்."

கங்கம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். டின்னை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். எல்லோருக்கும் டீ வந்தது. சின்னப்பொண்ணு மஞ்சள் கையோடு வாங்கிக் குடித்தாள். இஞ்சி போட்டு நன்றாகவே இருந்தது, அதுவும் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

கோயில் தாண்டிப் போயிற்று. அவள் இறங்கவில்லை, அவனும் நிறுத்தவில்லை. பனி அப்படியேதான் இருந்தது. ஆனால் இப்போது சுவர் இல்லை. பனிக்கு அடியில் தரையோடு தரையாக மங்கலான மஞ்சளில் ரோடு தெரிந்தது. அரசப்பன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ஓட்டினான். கொஞ்ச தூரம் போனதும் சின்னப்பொண்ணு பேசினாள்.

"கடக்காரன் மாத்தித் தரேன்னான்ல. மஞ்சளே வாங்கியாந்துடு."

"சரி."

"அப்பால எவளும் பூசத் தேவல."

"தேவல."

அவள் ரோட்டைப் பார்த்தாள். தனக்கு நேர் எதிரே, இடதுபக்கம் விழுந்த வெளிச்சம் ஒரே சீராக விழுந்திருந்தது. வலதுபக்கம், அவள் பூசியது, சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் வெள்ளை ஒழுகியும் கோடு கோடாகப் போயிற்று. நடவு நட்ட விரல் அது, கன்னத்துக்குப் பூசிப் பழகாத விரல். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"யோவ். நீ எந்த வெளிச்சத்துல ரோட்ட பாத்து ஓட்ற?"

அரசப்பன் பொய் சொல்லத் தெரியாதவன். வளைவு ஒன்று வந்துகொண்டிருந்தது, அவன் கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"ரெண்டுலயும்தான்மே."

அவன் சொன்னது விளக்கைத்தான். அது சின்னப்பொண்ணுக்கும் தெரியும். தெரிந்தும், கும்மிடிப்பூண்டி வருகிற வரைக்கும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, மஞ்சள் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.